எண்ணெய் வயலில் கடலடி தாழ்வது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய் எடுக்கும் இடங்களில் தரை தாழ்வது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, எண்ணெயை எடுப்பதால் பாறைக்குள் ஏற்படும் அழுத்தக் குறைவை மட்டுமே காரணமாகச் சொல்லி நின்றுவிட்டது. வடகடலில் நார்வேக்குச் சொந்தமான எக்கோஃபிஸ்க் வயலின் அனுபவம் வேறு. அங்கே எண்ணெய் இருப்பது சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணப் பாறையில். கடலடி தாழ்வது 1984இல் தெரியவந்தது. 1987இல் எண்ணெய் எடுக்கும் மேடைகளை 6 மீட்டர் உயர்த்தியதோடு, பாறைக்குள் பெருமளவில் கடல்நீரையும் செலுத்தத் தொடங்கினார்கள். அழுத்தம் மீண்ட பிறகும் தாழ்வு உடனே நிற்கவில்லை. நீர் புகுந்த சாக் வலுவிழப்பதே அதற்கு முக்கியக் காரணம்.

சாக் பாறையிலுள்ள கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தின் மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் தொடுபுள்ளிகளில் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) மிகுவதால், இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கனிமம் கரைந்து, தகைவு குறைந்த துளைகளுக்குப் பரவி, அங்கே மீண்டும் படிகிறது. இது ஒன்றே முழு விளக்கம் என்று நான் சொல்லவில்லை. கடல்நீரின் மக்னீசியமும் கால்சைட்டோடு வினைபுரிகிறது. ஆனால், ஆங்கிலேயப் புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863லேயே எழுதிவிட்ட, அழுத்தத்தால் கனிமம் கரையும் இந்த நிகழ்வை விட்டுவிடுவது முறையல்ல.

மெருகேற்றிய சுண்ணாம்புக்கல் தரையில் ரம்பப் பற்களைப் போல ஓடும் கருங்கோட்டைப் பலரும் விரிசல் என்றே நினைக்கிறார்கள். இதே முறையில் சுண்ணாம்பு கரைந்து போனபின் கரையாமல் எஞ்சிய களிமண்தான் பெரும்பாலும் அது. அடுத்த கட்டுரையில் இதையும் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருச்சி.