நெகட்டிவ் பெட்டிகளை எடைக்குப் போடாதே

திருவரங்கம்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி காவிரிக்கரை வரை நடக்கப் போகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். லலிதாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டைக் காலரில் இருக்கிற அழுக்கெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அது ஒன்றுதான் எனக்குத் தொந்தரவு. பேத்தி பிளஸ் டூ போய்விட்டாள்.

ஸ்டுடியோவைக் காலி செய்யப் போகிறாய் என்பது நான் எதிர்பார்த்ததுதான். செல்போன் வந்த பிறகும் இத்தனை வருடம் நீ கடையைத் திறந்து வைத்திருந்ததே பெரிய விஷயம். ஆனால் கடைசிப் பத்தியில் ஒன்று எழுதியிருந்தாய் பார், அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. தேர்த் திருவிழா, மந்திரி வந்தது, 77 புயல் என்று முக்கியமான நெகட்டிவ்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதிப் பெட்டிகளை நெகட்டிவிலிருந்து வெள்ளி பிரித்து எடுக்கிறவரிடம் எடைக்குப் போட்டுவிடப் போகிறாயாம். யார் வீட்டுக் கல்யாணமோ, யார் வீட்டுக் காதுகுத்தோ, இனி யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாய்.

போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

சில மாதங்களாக நான் போலந்தில் லோட்ஸ் என்ற ஊரின் பழைய படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் கோயம்புத்தூர் மாதிரி பஞ்சாலை ஊர். 1939 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் அதைப் பிடித்தார்கள், பெயரையும் லிட்ஸ்மான்ஸ்டாட் என்று மாற்றினார்கள். ஊரின் ஏழைப் பகுதியில் சுமார் நான்கு சதுர கிலோமீட்டரை வேலிபோட்டு வளைத்து, 1940 ஏப்ரல் கடைசியில் ஏறக்குறைய 1,60,000 யூதர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். இப்படி அடைத்த பகுதிக்குக் கெட்டோ என்று பெயர். வேலிக்குள்ளே தையல் கூடங்கள், செருப்புப் பட்டறைகள், தச்சுப் பட்டறைகள். ஜெர்மன் ராணுவத்துக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தால் கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் சூப். நான்கு வருடத்தில் பசியாலும் நோயாலும் மட்டுமே 40 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள்.

அங்கே ஹென்ரிக் ராஸ் என்று ஒருவர். போருக்கு முன்னால் பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். யூத நிர்வாகத்தின் புள்ளிவிவரத் துறையில் அவருக்குப் போட்டோகிராபர் உத்தியோகம் கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? நீ காலமெல்லாம் செய்த அதே வேலைதான். அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் போட்டோ. அப்புறம் பட்டறைகளில் செய்த சாமான்களை அழகாக அடுக்கி, "பாருங்கள், எவ்வளவு உழைக்கிறோம், எங்களால் உங்களுக்கு உபயோகம் இருக்கிறது" என்று ஜெர்மானியர்களுக்குக் காட்ட ஆல்பம் போடுவது. உபயோகம் இருக்கிறவரை உயிர் இருக்கும் என்பது அங்கே கணக்கு.

இதைக் கேள், உனக்குப் பிடிக்கும். அளந்துதான் ஃபிலிம் கொடுப்பார்கள். ராஸ் மூன்று படி வைத்து ஒரு மேடை கட்டினார். நீ ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு பெஞ்ச் போட்டு நிறுத்துவாயே, அப்படி ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒரே நெகட்டிவில் பத்துப் பன்னிரண்டு முகங்களைப் பிடித்துவிடுவார். பிறகு தலை தலையாக வெட்டி அட்டையில் ஒட்டியாயிற்று. மிச்சமான ஃபிலிமெல்லாம் திருட்டுத்தனமாக எடுக்கிற படங்களுக்கு. மாட்டிக்கொண்டால் அவருக்கு மட்டுமல்ல, மனைவி ஸ்டெஃபானியாவுக்கும் சாவுதான்.

அப்படி எடுத்தவற்றில் ராடெகாஸ்ட் ரயில் நிலையப் படங்கள்தான் பலரும் அறிந்தவை. அந்த நிலையத்தில் வேலை பார்த்த தெரிந்தவர்கள் அவரை உள்ளே கொண்டுபோய் சிமெண்ட் கிடங்கில் பூட்டி வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பலகை ஓட்டை வழியாக, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதை எடுத்திருக்கிறார். 1961-இல் ஜெருசலேமில், யூதர்களை ரயிலேற்றி அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மேல் வழக்கு நடந்தபோது சாட்சிக் கூண்டில் இதையெல்லாம் சொன்னார்.

1944-இல் கெட்டோவையே கலைத்து எல்லாரையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். துப்புரவு வேலைக்கென்று சில நூறு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அதில் ராஸ் ஒருவர். சுமார் 6,000 நெகட்டிவ்களையும் டப்பாக்களில் அடைத்து, பெட்டியில் வைத்து, மண்ணில் புதைத்தார். 1945 ஜனவரியில் சோவியத் செஞ்சேனை வந்தது. மார்ச்சில் போய்த் தோண்டினார். ஈரம் புகுந்து ஏறக்குறைய பாதி கெட்டுப்போயிருந்தது. தப்பிய பலவற்றில்கூட, படம் பதிகிற மேல்பூச்சான எமல்ஷன் உரிந்து, ஓரமெல்லாம் அலையலையாக உருகிக் கிடக்கிறது. நல்ல வீட்டுப் போட்டோ என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வருவோம், பாதி முகத்தைத் தண்ணீர் தின்றிருக்கும்.

சரி, இனிமேல்தான் உன் பெட்டிகளுக்குச் சம்பந்தமான விஷயம்.

1960-களில் ராஸ் தன் படங்களை வெளியிட்டபோது, துயரப் படங்களைத்தான் தேர்ந்தெடுத்தார். மலவண்டியை மாட்டுக்குப் பதிலாக இழுக்கும் மனிதர்கள், உருளைக்கிழங்குக்காக மண்ணைத் தோண்டும் குழந்தைகள், ரயில் வண்டிகள். உன் பாஷையில் "முக்கியமானவை". மற்றவை அவருடைய பெட்டியிலேயே இருந்தன. 1991-இல் அவர் இறந்த பிறகு, 2004-இல்தான் அவையும் பரவலாக வெளியே வந்தன. இப்போது மொத்தத் தொகுப்பும் டொரண்டோவில் ஒண்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது, இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். நான் பார்ப்பது அதைத்தான்.

அந்த மற்ற படங்களில் என்ன இருக்கிறது? பிறந்தநாள் விருந்து. கல்யாணம். புதர் மறைவில் முத்தமிட்டுக்கொள்கிற ஒரு ஜோடி. குழந்தையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற அம்மா. நன்றாக உடுத்தியிருக்கிறார்கள், வலது மார்பில், யூதர் என்று அடையாளம் காட்டக் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரம். ஒரு படத்தில் சின்னப் பையன் ஒருவன் கெட்டோ போலீஸ் தொப்பியும் உடுப்பும் போட்டுக்கொண்டு கூட இருக்கும் பையனைக் கைது செய்து விளையாடுகிறான்.

ஐந்து வயசுப் பையன் போலீஸ் விளையாட்டு விளையாடுவது எந்த ஊரில் இல்லை? ஆனால் அந்தப் போலீஸ் யார் என்று தெரிந்தால் படம் வேறாகிவிடும். 1942 செப்டம்பரில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களையும், நோயாளிகளையும் ஒப்படைக்கச் சொல்லி ஜெர்மானியர்கள் உத்தரவிட்டார்கள். கெட்டோவின் யூதத் தலைவர் ரும்கோவ்ஸ்கி மக்கள் முன்னால் நின்று, உங்கள் குழந்தைகளைக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டார். வீடு வீடாகப் போய்ப் பிடிக்கிற வேலையில் யூதர்களே இருந்த கெட்டோ போலீஸும் இருந்தது. அதற்குக் கூலியாக, போலீஸ்காரர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு. ஒரே வாரத்தில் 15 ஆயிரம் பேருக்கு மேல் செல்ம்னோ கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே விஷவாயு வண்டிகளில் கொல்லப்பட்டார்கள்.

இந்தப் படங்களை ராஸ் ஏன் முன்னுக்குக் கொண்டுவரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. "பார், விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவு ஒன்றும் மோசமில்லை" என்று சொல்ல ஆள் தயாராக இருப்பான். உயிர் பிழைத்தவர்களிலேயே பலருக்கு, தாங்கள் பட்டினி கிடந்தபோது வயிறாரச் சாப்பிட்ட அந்த மேல்தட்டைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் என் கருத்து, இந்தப் படங்கள் இல்லாமல் அந்த ஊர் புரியாது. ரயில் வண்டிப் படம் அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று காட்டுகிறது. பிறந்தநாள் படம், பசிக்கு நடுவிலும் யாருக்குக் கேக் கிடைத்தது, யார் யாரோடு உட்கார்ந்தார்கள், எதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்று காட்டுகிறது. அந்த நம்பிக்கையும் பலிக்கவில்லை. 1944 ஆகஸ்டில் ரும்கோவ்ஸ்கியும் குடும்பத்தோடு ஆஷ்விட்ஸுக்குத்தான் போனார்.

எது முக்கியம், எது சும்மா என்று எடுத்தவருக்கே அன்றைக்குத் தெரியவில்லை, செல்வராஜ். மாயவரத்தில் பரணில் ஏறி நின்றுகொண்டு உன்னால் எப்படிப் பிரிக்க முடியும்? மந்திரி வந்த படம் ஆயிரம் பேரிடம் இருக்கும். பத்திரிகை ஆபீஸிலும் இருக்கும். 1968-இல் ஒரு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பெண் என்ன நகை போட்டிருந்தாள், யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் பின்னால் நின்றார்கள், யாரைப் படத்துக்கே கூப்பிடவில்லை என்பது உன் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

அதே கெட்டோவில் மெண்டல் கிராஸ்மன் என்று இன்னொரு போட்டோகிராபரும் இருந்தார். அதே துறை, அதே உத்தியோகம். இதய நோயாளி. கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பாக்கெட்டைக் கிழித்து அதற்குள் கைவிட்டு எடுப்பாராம். சுமார் 10,000 நெகட்டிவ். அவரும் ஒளித்துத்தான் வைத்தார், ஜன்னல் அடிப் பலகைக்குள். ஆனால் போர் முடியச் சில நாட்களே இருந்தபோது, கைதிகளை நடத்திக் கூட்டிப்போன வழியில் அவர் இறந்துபோனார். நெகட்டிவ்களை அவருடைய சகோதரி எடுத்து இன்றைய இஸ்ரேலுக்கு அனுப்பினாள். 1948 போரில் அங்கே அவை தொலைந்தன. இன்றைக்கு கிராஸ்மன் பெயரில் நாம் பார்க்கிற படங்கள், அவர் கெட்டோவில் இருக்கும்போதே தெரிந்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் போட்டுக்கொடுத்த பிரிண்டுகள். புதைத்தவர் நெகட்டிவ் பாதி பிழைத்தது, ஒளித்தவர் நெகட்டிவ் மொத்தமும் போயிற்று, கொடுத்த பிரிண்ட் நின்றது. உனக்கும் இதில் ஒரு யோசனை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாவது ஆள் வேலிக்கு வெளியே இருந்தவர். வால்டர் கெனவைன். கெட்டோவைக் கவனித்த ஜெர்மன் நிர்வாகத்தில் கணக்குப் பிரிவின் தலைவர், ஆஸ்திரியாக்காரர். கலர் ஸ்லைடுகளாக எடுத்துத் தள்ளியிருக்கிறார். சுமார் 400 ஸ்லைடுகள் 1987-இல் வியன்னாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தன. கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பழகிய அந்தத் தெருக்கள் திடீரென்று கலரில் வருகிறபோது தூக்கிப்போடுகிறது. நட்சத்திரம் நிஜமாகவே மஞ்சளாக இருக்கிறது. இவர் ஆக்ஃபா ஃபிலிம் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்லைடுகளில் செம்பழுப்பு நிறம் ஏறுகிறதாம், என்ன காரணம் என்று கேட்டு! தொழில் தெரிந்தவனுக்கு அது நியாயமான புகார்தான், நீயே ஒத்துக்கொள்வாய். எனக்குத்தான் அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர் காட்ட நினைத்தது ஒழுங்காக நடக்கிற தொழிற்கூடத்தை. தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்க்கிறவர்களின் கண்கள் அவருடைய கணக்கில் இல்லாதவை.

மூன்று பேரும் எடுத்த ஒரு காட்சி உண்டு, ஸ்கியெர்ஸ்கா தெருவின் மேல் கட்டிய மரப்பாலம். கெட்டோவை அந்தத் தெரு பிளந்துகொண்டு போனது. தெரு மற்றவர்களுக்கு, டிராம் வண்டி அதில் போகும். யூதர்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகப் படியேறி மேலே நடக்க வேண்டும். கீழே டிராமில் உட்கார்ந்து வேலைக்குப் போனவர்கள் தினமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பேத்தியிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். "தாத்தா, இவ்வளவு பேர் பார்த்தார்களா?" என்று கேட்டாள். அவளுடைய பாடப் புத்தகத்தில் எண்ணிக்கை இருக்கிறது, இந்தக் கேள்வி இல்லை.

இனி உன் பெட்டிகள். முதலில், ஆர்டர் எழுதிய பழைய நோட்டுகளைத் தேடி எடு. நம்பரும் பெயரும் தேதியும் அதில்தானே இருக்கும். ராஸின் படங்களில் எத்தனையோ பேர் பெயரில்லாமல் நிற்கிறார்கள். உன்னிடம் நோட்டு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நீ ஒவ்வொரு கவரின் மேலும் பென்சிலால் எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடித்தால், அந்தச் சுருளைத் தனியாகப் பிரித்து வை, மற்றவற்றையும் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டாதே, காகிதக் கவர்தான் நல்லது. உன் அப்பா காலத்துக் கண்ணாடித் தகடுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வை.

கிராஸ்மனிடமிருந்து எடுத்த யோசனை இதுதான். கல்யாணப் படங்களை அந்தந்த வீட்டாருக்கே சொல்லி அனுப்பு. ஊரில் உனக்குத் தெரியாத குடும்பமா? வேண்டும் என்கிறவர்களுக்குப் பிரிண்ட் போட்டுக்கொடு, காசு வாங்கிக்கொண்டே கொடு, தப்பில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடிப்போய் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் போடலாம். நீ சரி என்றால் நானே எழுதுகிறேன்.

வெள்ளிக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, அந்தப் பணத்தை நான் தருகிறேன். ஐப்பசி கடைமுழுக்குக்கு லலிதாவும் நானும் மாயவரம் வருகிறோம். பரணில் நீ ஏற வேண்டாம், முழங்காலைப் பார்த்துக்கொள். பேத்தியையும் கூட்டி வருகிறேன், அவள் ஏறுவாள்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ராமநாதன்