மெஷினைத் தொடுவதற்கு முன் இதைப் படி, தம்பி

ட்ரூரோ, நோவா ஸ்கோஷியா, கனடா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பழைய செயின்சா ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டதாகவும், தோப்பில் காய்ப்பு நின்றுபோன தென்னைகளையும் வரப்போரத்து வாகையையும் நீயே அறுத்துவிடப் போவதாகவும் சொன்னாய். கேட்டதும் சந்தோஷம் பாதி, பயம் பாதி. ஆள் கூலி கொடுத்து மாளவில்லை என்பது எனக்கும் தெரியும், அதனால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த மெஷினைப் பிடித்துத்தான் இங்கே நான் சோறு சாப்பிடுகிறேன் என்பதால், இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கும் வரை அதன் கயிற்றை இழுக்காதே.

என் வேலையைப் பற்றி வீட்டில் இதுவரை விவரமாகச் சொன்னதில்லை, சொன்னால் அம்மா தூங்க மாட்டாள். ஃபியோனா புயல் 2022 செப்டம்பர் 24 விடியற்காலையில் இந்த மாகாணத்தில் கரையேறியது. கஜா வந்ததும் அதே மாதிரி விடியாத நேரம்தானே. நமக்குத் தென்னை போனது, இவர்களுக்கு ஸ்ப்ரூஸும் ஃபர் மரமும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்தன. சாய்ந்ததை எடுக்க, வீட்டின் மேலும் கரண்ட் கம்பியின் மேலும் சாயக் காத்திருப்பதை வெட்ட இன்னும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. நான் சேர்ந்திருப்பது ஒரு சின்னக் குழு. பனிக்காலத்தில் விடியவே ஏழரை ஆகிவிடும், மைனஸ் 15 டிகிரியில் முழங்கால் அளவு பனியில் நடந்து மரத்தடிக்குப் போவோம். மரம் அறுக்க அதுவும் நல்ல காலம்தான், ஏனென்றால் தரை உறைந்து கல்லாகக் கிடக்கும், வண்டி புதையாது. கோடை வேறு மாதிரி. 2025 ஆகஸ்டில் இங்கே அப்படி ஒரு வறட்சி, காட்டுத்தீ பயத்தில் காட்டுக்குள் நடந்துபோவதற்கே தடை போட்டார்கள், மீறினால் 25,000 டாலர் அபராதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்ததும் எங்கள் மேஸ்திரி என் கையில் முதலில் கொடுத்தது மெஷின் அல்ல, உடுப்பு. முன்பக்கம் வலைக்கம்பி வைத்த ஹெல்மெட், அதிலேயே காதை மூடும் மூடி, கையுறை, விரல்நுனியில் இரும்பு வைத்த பூட்ஸ், அப்புறம் தொடையிலிருந்து கணுக்கால் வரை முன்னால் கட்டிக்கொள்கிற தடித்த காலுறை மாதிரி ஒன்று, சாப்ஸ் என்று பெயர். அந்த சாப்ஸைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். போன குளிர்காலத்தில் எங்கள் ஆள் ஒருவர் விழுந்த ஃபர் மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி, ஓடுகிற செயின் நேராக இடது தொடையில் இறங்கியது. மெஷின் நின்றுவிட்டது. அவர் அணைக்கவில்லை, தானாகவே நின்றது. சாப்ஸுக்குள் நீள நீளமான நார் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். செயின் மேல்துணியைக் கிழித்ததும் அந்த நாரை இழுத்துக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், நம் ஊர் கயிற்று ஆலையில் தேங்காய் நார் சிக்கி இருசு நிற்குமே, அப்படியே. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை நார் பஞ்சுப் பொதி மாதிரி அடைந்திருந்தது. குறடு வைத்துப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தோம். உள்ளே அவர் போட்டிருந்த பேண்டில் ஒரு கீறல் கூட இல்லை. நல்ல செயின் விநாடிக்கு 20 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடுகிறது. கைலியும் ரப்பர் செருப்புமாக நின்றால் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். ஒருமுறை வெட்டுப்பட்ட சாப்ஸைத் தைத்துப் போடக்கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். வெயிலில் வேகும், உண்மைதான், அதனால் காலையில் ஆறிலிருந்து பத்துக்குள் வேலையை முடித்துக்கொள்.

அடுத்து, இந்த மெஷினில் ஆளைக் கொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. பார் என்கிறோமே, செயின் சுற்றுகிற அந்த நீளத் தகடு, அதன் மூக்கின் மேல் பாதி. ஓடும்போது அந்த இடம் எதிலாவது பட்டால், ஒரு சின்னக் கிளையாக இருந்தாலும் சரி, பார் மேல்நோக்கி எகிறி உன் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடும், கையால் தடுக்கவெல்லாம் நேரம் இருக்காது. அதனால்தான் முன்கைப்பிடியில் இடது கட்டைவிரல் கட்டாயம் கீழே சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், உடம்பு பாரின் நேர்கோட்டில் நிற்காமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நிற்க வேண்டும், தோளுக்கு மேல் மெஷினைத் தூக்கவே கூடாது. முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பு வெறும் மறைப்பு அல்ல, அதுதான் செயின் பிரேக். முன்னால் தள்ளினால் செயின் நிற்கும், எகிறும்போது உன் மணிக்கட்டு பட்டோ அந்த உதறலிலோ தானாகவும் விழும். நீ வாங்கிய பழைய மெஷினில் அது வேலை செய்கிறதா என்று முதலில் பார். மெஷினைத் தரையில் ஊன்றி, ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளு, செயின் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த மெஷினை ரிப்பேர் பார்க்காமல் ஒரு குச்சியைக் கூட வெட்டாதே. அதே மாதிரி, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜின் மட்டும் ஓட வேண்டும், செயின் நகரக்கூடாது.

ஸ்டார்ட் பண்ணுவதும் நம் ஊரில் செய்கிற மாதிரி ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு இன்னொரு கையில் கயிற்றை இழுப்பது வேண்டாம். பிரேக் போட்டு, தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் வலது கால் நுனியை நுழைத்து மிதித்துக்கொண்டு, இடது கையால் முன்பிடியை அழுத்தி, அப்புறம் இழு.

பெட்ரோலும் ஆயிலும் பற்றிக் கேட்டிருந்தாய். உன் மெஷினின் மூடியிலோ புத்தகத்திலோ வேறு எதுவும் போடவில்லை என்றால் 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ-டி ஆயில், அளந்து ஊற்று, குத்துமதிப்பாக வேண்டாம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதோடு இன்ஜின் போச்சு. நம் ஊர் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பல செயின்சா கம்பெனிகள் 10-க்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் சவ்வைக் கெடுக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்காதே, வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து அணையும் வரை ஓடவிடு. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணு.

செயினுக்கு ஊற்றுகிற ஆயில் தனி டேங்க். பக்கத்தில் எல்லோரும் பைக் சர்வீஸில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவார்கள், நீ செய்யாதே. அதில் இரும்புத்தூள் இருக்கும், பாரைத் தின்னும், அதைவிட முக்கியம் அது உன் கையிலும் மூச்சிலும் படுகிறது, தோலுக்குக் கேடு. ஆயில் வருகிறதா என்று தெரிய ஒரு பழைய செய்தித்தாளுக்கு மேலே பாரின் மூக்கு படாமல் மெஷினைப் பிடித்து வேகம் கொடு, தாளில் கோடு மாதிரி எண்ணெய் தெறிக்க வேண்டும்.

எங்கள் மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் வயது. தினமும் காலையில் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து அரம் போடுவார், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உருண்டை அரம், உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ளுவார், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுவார், ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை, அதே சாய்வு, பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. ஒரு பக்கத்துப் பல் முடிந்ததும் மெஷினைத் திருப்பி மறுபக்கம். செயின் கூர்மையாக இருந்தால் செதில் செதிலாக விழும், மழுங்கினால் மாவு மாதிரி தூள்தான் வரும். தூள் வந்தால் நிறுத்தி அரம் போடு, அழுத்தி அறுக்காதே, அழுத்துகிறவன்தான் நிலை தடுமாறுகிறான். பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டை, அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது, வேகமாக வெட்டட்டும் என்று நிறையத் தேய்த்துவிடாதே, 0.65 மில்லிமீட்டர் இறக்கம் போதும், அதற்கு மேல் போனால் கண்டபடி கடித்து எகிறும். தென்னையின் வெளிவட்டம் வைரம் பாய்ந்தது, செயினைச் சீக்கிரம் மழுக்கும், உள்ளே சோறு மாதிரி மெத்தென்று இருப்பதால் வெளிவட்டம் தாண்டியதும் பார் சட்டென்று உள்ளே ஓடும். அதைக் கவனத்தில் வை.

செயின் டைட், ஏர் ஃபில்டர், பார் பள்ளத்துத் தூள், இதெல்லாம் தினமும் பார்க்க வேண்டியது. செயின் பாரை ஒட்டி இருக்க வேண்டும், கையால் இழுத்தால் சுலபமாக ஓடவும் வேண்டும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிடு, சூட்டில் நீண்டது ஆறும்போது சுருங்கும்.

மரம் சாய்ப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தீராது, தவிர அதைக் கடிதத்தில் கற்றுக்கொள்ளவும் முடியாது. தென்னைக்கும் வாகைக்கும் முதல் தடவை, தெரிந்த ஆளைக் கூட வைத்துக்கொள். ஆனால் கீழே கிடப்பதை அறுக்கிறோம், அதில் என்ன ஆபத்து என்று மட்டும் நினைக்காதே, இங்கே புயலில் விழுந்த மரம்தான் அதிகம் பயமுறுத்துகிறது. இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் தொங்குகிற கட்டையில் மேல்பக்கம் அழுந்தியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே முழுசாக அறுத்தால் பார் நடுவில் மாட்டிக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் கீழிருந்து. வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். அடியில் அறுத்ததும் வேர்மண்ணோடு அந்த அடிக்கட்டை எழுந்து குழிக்குள் திரும்ப விழும். கஜாவுக்குப் பிறகு அந்தக் குழிகளில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடியது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நீ வேலை செய்யும்போது மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரையும் விடாதே, சித்தப்பாவாக இருந்தாலும் சரி. மெஷினோடு மரத்தில் ஏறவே ஏறாதே. தனியாகத் தோப்புக்குப் போகாதே, இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

அப்பாவின் மாத்திரைக்கும் சேர்த்து இந்த வாரம் பணம் அனுப்பிவிட்டேன். அதில் தனியாக ஒரு தொகை உன் சாப்ஸுக்கும் ஹெல்மெட்டுக்கும், வேறு எதற்கும் அதைத் தொடாதே, தஞ்சாவூரில் பெரிய கடையில் கேள், இல்லையென்றால் நான் இங்கிருந்து பார்சல் போடுகிறேன். உன் மெஷினின் பாரில் அடிப்பக்கம் சில எண்கள் பொறித்திருக்கும், அதைத் துடைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்தால்தான் எந்த அளவு அரம் என்று தெரியும், 4 மில்லிமீட்டரா 4.8-ஆ என்று. எல்லாம் உன் கைக்கு வந்து சேரும் வரை பொறுத்துக்கொள்.

உன் அண்ணன்