பாதி ஆண்டில் பறிக்கப்பட்ட லிஸ்ட் லிமிட்: பணிப்பலகை நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஆஃப்செட் அச்சகம்,
சிவகாசி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
டிஜிட்டல் பணிப்பலகைச் செயலி நிறுவனம்.

பொருள்: ஆண்டுச் சந்தா நடப்பில் இருக்கும்போதே லிஸ்ட் லிமிட் வசதியை நீக்கியது, தமிழ்த் தேடல் கோளாறு, தரவை இறக்கி எடுப்பதில் உள்ள குறைகள் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தாவை 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து முன்கூட்டியே கட்டியிருக்கிறோம். பணம் கட்டிய அன்று எங்கள் திட்டத்தில் லிஸ்ட் லிமிட் இருந்தது. பலகையில் ஒரு வேலைக்கு ஒரு கார்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு லிஸ்ட்; ஒரு லிஸ்டில் இத்தனை கார்டுக்கு மேல் சேரக்கூடாது என்று நாம் எண் கொடுத்து வைத்தால், அதைத் தாண்டும்போது லிஸ்ட் சிவப்பாக மாறுமே, அந்த வசதியைத்தான் சொல்கிறேன். சந்தா இன்னும் முடியவில்லை, வசதி போய்விட்டது. மேல் திட்டத்துக்கு மாறினால் கிடைக்கும் என்கிறது திரை. உங்கள் சாட் உதவியில் கேட்டோம். உதவிப் பக்கத்தின் இணைப்பு வந்தது. திரும்பக் கேட்டதற்கு அதே இணைப்பும், மேல் திட்டத்துக்குத் தள்ளுபடி என்ற பேச்சும்தான் வந்தன. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். இதை ஒரு மனிதர் முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் காலண்டர் அச்சடிப்பவர்கள். நானும் என் தம்பியும் கூடவே நின்று வேலை பார்த்து நடத்தும் அச்சகம் இது. ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வரத் தொடங்கும். அதற்குப் பிறகு டிசம்பர் கடைசி வரை மெஷின் நிற்காது. ஒரு ஜாப் எங்களிடம் வந்தால் டிசைன், ப்ரூஃப், பிளேட், பிரிண்டிங், லேமினேஷன், கட்டிங், பைண்டிங், பேக்கிங் என்று கைமாறிப் போகும். முன்பெல்லாம் ஜாப் கார்டு ஒன்றைக் கையால் எழுதி, தாள் கட்டோடு சேர்த்து அனுப்புவோம். எந்த ஜாப் எங்கே நிற்கிறது என்று பார்ட்டி (ஆர்டர் கொடுத்தவர்) போன் பண்ணிக் கேட்டால், ஒருவர் எழுந்து ஷெட் முழுக்கச் சுற்றி வந்துதான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பலகை அந்த அலைச்சலைக் குறைத்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நல்ல கருவி என்று நம்பித்தான் இத்தனை வேலையையும் அதன் மேல் ஏற்றினோம்.

எப்படிப் பயன்படுத்தினோம் என்பதையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் எதை எடுத்துவிட்டீர்கள் என்பது உங்களுக்குப் புரியும். செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என்று நீங்கள் கொடுத்த மூன்று லிஸ்ட் எங்களுக்குப் போதவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிரித்தோம்: ‘லேமினேஷனுக்குக் காத்திருப்பவை’ ஒன்று, ‘லேமினேஷனில்’ ஒன்று. வேலை நடக்கும் நேரத்தைவிட வேலை சும்மா கிடக்கும் நேரம்தான் அதிகம் என்பது இப்படிப் பிரித்த பிறகுதான் கண்ணில் பட்டது. கார்டில் தாளின் ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்), அளவு, எத்தனை கலர், எத்தனை பிரதி என்று தனித்தனி ஃபீல்டு வைத்தோம். தினசரித் தாளுக்கு ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள், விரத நாள் எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு செக்லிஸ்ட் வைத்தோம். அது முழுக்க டிக் ஆகாமல் கார்டு பிளேட்டுக்குப் போகாது. அடுத்த ஆண்டுக்கான அரசு விடுமுறைப் பட்டியல் வராமல் தினசரித் தாளை முடிக்க முடியாது என்பதால், அதற்காக நிற்கும் ஜாப்களுக்குத் தனி லேபிள். அரசாணை வந்த அன்று ஒரு பட்டனை அழுத்தினால் அந்த லேபிள் உள்ள கார்டுகள் எல்லாம் மொத்தமாக அடுத்த லிஸ்டுக்கு நகரும்படி ஆட்டோமேஷன் எழுதி வைத்தோம். இவை எதையும் உங்கள் ஆட்கள் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்களே தட்டிப் பார்த்து, மாற்றிப் பார்த்து உண்டாக்கியவை.

இவை எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக இருந்தது லிஸ்ட் லிமிட்.

எங்கள் லேமினேஷன் மெஷினில் நாளைக்கு மூன்று ஜாப் முடியும். காத்திருக்கும் லிஸ்டுக்கு 6 என்று லிமிட் வைத்திருந்தோம். கணக்கு எளிது. ஓர் இடத்தில் நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை, அங்கே ஒரு நாளில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை அங்கே சராசரியாக எத்தனை நாள் நிற்கும் என்பது வந்துவிடும். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது. ஆறு நின்றால் இரண்டு நாள். பதினெட்டு நின்றால் ஆறு நாள். பிரிண்டிங்கை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. லேமினேஷனுக்கு முன்னால் குவியல்தான் உயரும்.

பிரிண்டிங் அறையில் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மானிட்டர் மாட்டி, பலகையை எப்போதும் திறந்தே வைத்திருந்தோம். பிளேட் மாட்டப் போகும் பையன் முதலில் அதை நிமிர்ந்து பார்ப்பான். “அண்ணாச்சி, லேமினேஷன் செவப்புல இருக்கு. அடுத்தத மாட்டவா, நிறுத்தவா?” என்று கேட்பான். மெஷின்மேன் அண்ணாச்சி மறு பேச்சில்லாமல் லேமினேஷன் தேவைப்படாத பில் புக், நோட்டீஸ் வேலை எதையாவது எடுத்து ஓட்டுவார். நானோ தம்பியோ பக்கத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒருநாள் அந்தச் சிவப்பு வராமல் போனது. செயலிக்குள் எந்த அறிவிப்பும் இல்லை. வெள்ளையாகத் தெரிகிறது, ஆகவே இடம் இருக்கிறது என்று நினைத்து அண்ணாச்சி காலண்டர் அட்டைப் படங்களை வரிசையாக ஓட்டிவிட்டார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, பலகை சொன்னபடிதான் நடந்தார். லேமினேஷன் அறை வாசலில் தாள் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. மழைக்கால ஈரத்தில் மை சரியாகக் காயாமல், மேலிருந்த எடை அழுத்தி, கீழ்த் தாளின் மை மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டது. செட்-ஆஃப் என்று எங்கள் தொழிலில் சொல்வது. வெளிர் நிறப் பின்னணி உள்ள ஒரு முருகன் படத்தில் முகத்திலிருந்தே மை பெயர்ந்து போயிருந்தது. அந்த ஜாப் முழுவதையும் திரும்ப அடித்தோம். தாள், மை, மெஷின் நேரம் எல்லாம் எங்கள் கணக்கில். சீசன் நேரத்தில் போன மெஷின் நேரத்தை எந்தப் பணத்தைக் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

அப்புறம் தேடிப் பார்த்ததில், திட்டங்களை மாற்றியமைக்கிறோம் என்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. புதிய வால்பேப்பர்கள், புதிய எமோஜிகள், கார்டைச் சுருக்கிச் சொல்லும் ஏஐ உதவி என்று நீண்டு போகிற ஆங்கிலக் கடிதத்தின் அடிப்பகுதியில், சில வசதிகள் வேறு திட்டத்துக்கு நகர்கின்றன என்று ஒரு வரி. எந்த வசதி என்றுகூட அதில் இல்லை. லிமிட் வைத்திருந்த எங்கள் பலகையில், அந்த லிஸ்டின் தலையிலேயே “இது இனி வேலை செய்யாது” என்று காட்டியிருக்க உங்களால் முடியும். காட்டியிருக்க வேண்டும்.

லிஸ்ட் லிமிட் கூடுதல் அலங்காரம் இல்லை. உங்கள் தளத்தின் முகப்பிலேயே ‘கான்பான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டொயோட்டாவில் தைச்சி ஓனோ அந்த முறையை வளர்த்தெடுத்தபோது அவர் உதாரணமாகப் பார்த்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட் அலமாரியை: எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்புவது. அடுத்த கட்டத்தில் இருப்பவர் எடுத்துக்கொண்ட அளவுக்குத்தான் முந்தைய கட்டத்தில் இருப்பவர் செய்ய வேண்டும், அதற்கு மேல் செய்யக் கூடாது. அந்த அளவைச் சொல்லத்தான் கார்டே வந்தது. பின்னாளில் மென்பொருள் துறைக்கு இதைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சனும், கையிலிருக்கும் வேலைக்கு வரம்பு வைப்பதை அடிப்படை நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்தார். வரம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, இழுத்து நகர்த்தக்கூடிய வெறும் பட்டியல். அதற்குச் சுவரில் ஒட்டிய சார்ட் போதும்.

இரண்டாவது குறை, தமிழ்த் தேடல். சந்தா கட்டிய நாளிலிருந்தே இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரண்டு குறியீடாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினியில் எழுத்து அடித்துப் பக்கம் அமைக்கும் எங்கள் டிடிபி பகுதியில் பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுவார்கள். அந்த கன்வெர்ட்டர் இரண்டாவது விதமாகத் தருகிறது. போனில் அடித்தால் முதல் விதம். அதனால் ‘கொடைக்கானல்’ என்று தொடங்கும் ஜாப்பை போனில் தேடினால் “ஒன்றும் கிடைக்கவில்லை” என்கிறது உங்கள் செயலி. கார்டு இல்லை என்று நம்பி இன்னொருவர் புதுக் கார்டு போட, ஒரே ஜாப்புக்கு இரண்டு முறை பிளேட் எடுத்த கதையும் நடந்திருக்கிறது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். இதற்கான தீர்வு யூனிகோடு தரத்திலேயே இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றினால் போதும். புரோகிராமருக்கு இது பெரிய வேலை இல்லை. உங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு இந்தப் பத்தியை அப்படியே அனுப்பிவையுங்கள்.

கெடு நாள் நினைவூட்டல் அதிகாலை 5.30 மணிக்கு வருவதையும் சேர்த்துப் பாருங்கள். கிரீன்விச்சில் நள்ளிரவாகும் நேரம் அது. அந்த நேரத்தில் அச்சகத்தில் ஆள் கிடையாது.

மூன்றாவது, தரவு. ஒரு கார்டு எந்த லிஸ்டில் எந்தத் தேதியில் நுழைந்தது, எப்போது வெளியேறியது என்ற வரலாறு உங்களிடம் இருக்கிறது. கார்டைத் திறந்தால் கீழே தெரிகிறது. ஆனால் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கினால் அது வருவதில்லை, இப்போது எந்த லிஸ்டில் நிற்கிறது என்பது மட்டுமே வருகிறது. எங்களுக்கு வேண்டியது அந்த வரலாறுதான். போன சீசனில் பார்ட்டியின் ப்ரூஃப் ஒப்புதலுக்காக ஜாப்கள் எவ்வளவு நாள் நின்றன என்று தெரிந்தால், இந்த முறை ஆர்டர் வாங்கும்போதே “இந்தத் தேதிக்குள் ப்ரூஃப் பார்த்துத் தந்தால்தான் தீபாவளிக்கு முன் டெலிவரி” என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். இப்போது ஒவ்வொரு கார்டாகத் திறந்து தேதியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். போதாக்குறைக்கு, இறக்கிய கோப்பை எக்ஸெலில் திறந்தால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாக வருகிறது. கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கான அடையாளத்தை வைத்து அனுப்பினாலே இது சரியாகிவிடும்.

நாங்கள் கேட்பது இவைதான். பணம் கட்டிய காலம் முடியும் வரை லிஸ்ட் லிமிட் எங்கள் பலகைகளில் முன்பு இருந்தபடியே இயங்க வேண்டும். முடியாது என்றால், வசதி நின்ற நாளிலிருந்து மிச்சமுள்ள காலத்துக்கான சந்தாவை, அதற்குரிய ஜிஎஸ்டியோடு திருப்பித் தர வேண்டும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கார்டுகளின் முழு நகர்வு வரலாற்றையும் இணைத்த கோப்புகளையும் தமிழ் சிதையாமல் எங்களுக்குத் தர வேண்டும். அது எங்கள் தொழிலின் பதிவேடு. தேடல் கோளாறை எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேல் திட்டத்துக்கு முதல் மூன்று மாதம் தள்ளுபடி என்று சாட்டில் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குத் திரும்பவும் விலை கொடுக்க முடியாது.

சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு வாங்கும் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-க்குள் வரும். 2020-ஆம் ஆண்டின் இ-வணிக விதிகள்படி, இந்தப் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரப்பட வேண்டும். ஒப்புகையைப் புகார் எண்ணோடு அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.

தொலைபேசியில் பேச விரும்பினால் மாலை 4 மணிக்கு மேல் அழையுங்கள். காலையில் மெஷின் சத்தத்தில் பேச முடியாது. தமிழ் தெரிந்தவர் பேசினால் நல்லது, எங்கள் டிடிபி ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோளாறைத் திரையில் நேரிலேயே காட்டுவோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: சந்தா ரசீது; பணம் கட்டிய நாளில் உங்கள் தளத்தில் இருந்த திட்ட விவரத்தின் ஸ்கிரீன்ஷாட்; லிமிட் இருந்தபோதும் நீக்கிய பிறகும் எடுத்த பலகைப் படங்கள்; சாட் உரையாடல் நகல்; ‘கொடைக்கானல்’ தேடலின் வீடியோ பதிவு; செட்-ஆஃப் ஆன தாளின் புகைப்படம்.