குருசடியை இடிக்கும் முன்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பேரவையினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

போன ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசித்தபோதுதான் தெரிந்தது, முக்குரோட்டு அந்தோணியார் குருசடியை, அந்தச் சின்ன வழியோரக் கோவிலை, இடித்துவிட்டு கிரானைட் பதித்துப் புதிதாகக் கட்டப் போகிறீர்கள் என்று. நன்கொடைச் சீட்டும் வந்துவிட்டது. காசு தருகிறேன், இடிக்க மட்டும் தரமாட்டேன்.

அதன் பின்சுவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? புல்லை விலக்கினால் மலையாளத்தில் நாலு வரி, அதன் கீழே 1098. கொல்லம் ஆண்டு அது. நம் கணக்கில் 1922-23. 1956 நவம்பர் 1 வரை குமரிக்காரர்களான நாம் திருவிதாங்கூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று சொன்னால் என் பேரன் சிரிக்கிறான். அந்தச் சுவரைத்தான் காட்டினேன்.

பக்கத்திலேயே சுமைதாங்கி. என் பாட்டி களியக்காவிளைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு சுமந்து போகையில் அதில் இறக்கி வைத்துவிட்டு, அந்தோணியாருக்கு ஒரு பிடி உப்பும் நல்லமிளகும் நேர்ச்சை போடுவாளாம். விளக்கு மாடத்தில் எண்ணெய்க் கரி இன்னும் விரலில் ஒட்டுகிறது.

சுவர் பெயர்வது உண்மைதான். அது நாமே பார்த்த வேலை. சுண்ணாம்புச் சுவர் மழையைக் குடித்து வெயிலில் விட்டுவிடும். பத்து வருஷத்துக்கு முன் அதன்மேல் சிமெண்ட் பூசி, போதாததற்கு பெயிண்டும் அடித்தோம். உள்ளே போன ஈரம் எப்படி வெளியே வரும்? இடவப்பாதி ஒன்று, துலாமழை ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழை பார்க்கிற ஊர் வேறு. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசினால் சரி. அது தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

புது குருசடி பளபளவென்று இருக்கும் என்கிறீர்கள். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே சனம் புலியூர்க்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எதைப் பார்க்க? அவர் முழங்கையால் இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் ஒரு பாறையை.

வரும் செவ்வாய் செபமாலைக்கு அரைமணி நேரம் முன்னால் வாருங்கள். புல்லறுக்க அரிவாள் நான் கொண்டு வருகிறேன். அந்த நாலு வரியை வாசிக்க, மலையாளம் தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டி வருகிறேன். எஸ்டிமேட்டை அப்புறம் பேசுவோம்.

இப்படிக்கு,
அதே முக்குரோட்டுக்காரன்