‘லைமி’யில் இருப்பது எந்த எலுமிச்சை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் சொல் விளக்கப் பகுதியில், ஆங்கிலேயரை ‘லைமி’ என்று அழைப்பதற்கு, எலுமிச்சைச் சாறு குடித்து ஸ்கர்வி நோயை (வைட்டமின் சி குறைவால் வருவது) வென்ற பிரிட்டிஷ் கடற்படையினரே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். இதில் இரண்டு பழங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நாம் எலுமிச்சை என்று வாங்கும் மெல்லிய தோல் சிறுபழம் லைம் வகை. லெமன் அதைவிடப் பெரியது. தோல் தடிப்பு, நுனி கூம்பியிருக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் கதை பிசகுகிறது.

ஸ்கர்வியை விரட்டியது லெமன். 1747-இல் ‘சாலிஸ்பரி’ கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஈறு அழுகிக் கால் வலுவிழந்த 12 பேரை இருவர் இருவராகப் பிரித்தார். சைடர் (ஆப்பிள் மது), வினிகர், கடல்நீர் என்று ஒவ்வொரு சோடிக்கும் ஒன்று. ஒரு சோடிக்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 ஆரஞ்சு, 1 லெமன். ஆறு நாளில் பழம் தீர்ந்தது; அதற்குள் அவர்களில் ஒருவர் வேலைக்குத் தயாராகிவிட்டார். ஆனாலும் 1795-இல்தான் கடற்படை லெமன் சாற்றை ஏற்றது.

லைம் வந்தது பிறகு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மத்தியதரைக்கடல் லெமனுக்குப் பதில் தங்கள் மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்குக் கடற்படை மாறியது. புளிப்புதான் மருந்து என்று நம்பியதால் வந்த பிழை இது. லைமில் வைட்டமின் சி குறைவு. செப்புக் கலன்களில் பட்டும், காற்றுப்பட்டு நாட்பட்டும் அதுவும் அழிந்தது. நீராவிக் கப்பல்களால் பயணம் சுருங்கியதால் சாற்றின் பலவீனம் நெடுநாள் வெளிப்படவில்லை. 1918-இல் லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஹாரியட் சிக் குழுவினர் விலங்குகளில் சோதித்தபோது, புதிய லைம் சாற்றின் வலிமை லெமனில் ஏறத்தாழ கால் பங்குதான் என்று தெரிந்தது. பதப்படுத்தியதில் அதுவும் இல்லை.

பட்டப்பெயரின் முதல் வடிவம் ‘லைம்-ஜூசர்’. 1850-களில் ஆஸ்திரேலியாவில், பிரிட்டனிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களை அப்படிக் கேலி செய்தார்கள். பிறகு பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் மாலுமிகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர் வாயில் ‘லைமி’ என்று சுருங்கி, ஆங்கிலேயர் எல்லோருக்கும் பொதுவானது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘லைம் ஜூஸ்’ என்றால் லெமன் சாறாகவும் இருக்கலாம். ஆகவே சொல்லை மட்டும் வைத்துப் பழத்தை முடிவு செய்ய முடியாது.

மொழிபெயர்க்கையில் ‘லைமி’யை அப்படியே விடுங்கள். நண்பர்களுக்குள் கிண்டல், அந்நியர் சொன்னால் ஏளனம் என்பதை அடிக்குறிப்பில் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி