கூரையில் ஏறுபவரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கிய பின் கொழும்புக் கூரைகளில் சோலார் பனல்கள் பெருகிவிட்டன. அவற்றைப் பூட்டுபவருக்கு வீட்டு வயரிங் சான்றிதழ் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது.

வீட்டில் பிரேக்கரை இறக்கினால் அந்த வயரில் மின்சாரம் நின்றுவிடும். பனலோ வெயில் உள்ளவரை நிற்காது. பத்துப் பனல்களைத் தொடராக இணைத்தால் 400 வோல்ற்றுக்கு மேல் நேரோட்ட (DC, ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அழுத்தம் வரும். நமது வீட்டு ஆடலோட்டம் (AC, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால், இணைப்பைப் பிரிக்கும்போது இடைவெளியில் பாயும் மின்வில் எளிதில் அணையும். நேரோட்டத்தில் அந்த வாய்ப்பில்லை. ஆகவே கழற்றும் வரிசை முக்கியம்: முதலில் ஆடலோட்ட பிரேக்கர், பின்பு நேரோட்ட ஐசொலேற்றர் (பனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீற்றரில் ஓட்டம் பூச்சியமா என்ற சோதனை, அதன் பிறகே கனெக்டர். நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரின் மூடியைத் திறக்குமுன், அதன் மேல் எழுதப்பட்டுள்ள நேரம்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகங்கள்) மின்னேற்றத்துடன் இருக்கும்.

பனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்கள் இரு வேறு கம்பனிகளுடையவையாக இருந்தாலும் ‘கிளிக்’ என்று பொருந்திவிடும், அதுதான் சிக்கல். தொடுகை சரியில்லாமல் சூடேறி, மாதங்கள் கழித்து உருகும். உரிய கருவியின்றிக் குறட்டால் நசுக்கிய வயர் முனையும் அப்படியே.

அஸ்பெஸ்டஸ் சீற் ஆளின் பாரத்தைத் தாங்காது. பலகை போட்டே நடக்க வேண்டும். பாதுகாப்புப் பட்டியின் கயிற்றைப் பனல் ரெயிலில் அல்ல, கட்டடத்தின் உறுதியான பகுதியில் கட்ட வேண்டும்.

இவற்றை எழுத்துப் பரீட்சையில் அல்ல, மாதிரிக் கூரையில் செய்துகாட்ட வைத்தே சான்றிதழ் வழங்க வேண்டும். வீட்டுக்காரரும் ஒவ்வொரு பனல் தொடரின் திறந்த சுற்று அழுத்தம் (எதனுடனும் இணைக்காதபோது உள்ள வோல்ற்று), காவலித் தடை (மின்கசிவை வயரின் உறை எவ்வளவு தடுக்கிறது என்பது) ஆகிய அளவீடுகளை எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

மின் தொழில்நுட்பப் பயிற்றுநர்கள்,
கொழும்பு 06