சாய்ந்த மரங்களை அறுக்கும்போது ஒரு வட்ட வில்லையை எடுத்து வையுங்கள்

மலைச்சரிவு மரங்களை வெட்ட உத்தரவிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்புக்கு மேலே சாலையோரம் சாய்ந்து நின்ற பைன் மரங்களைப் போன வாரம் வெட்டினீர்கள். மழைக்கு முன் ஆபத்தான மரத்தை அகற்றுவது உங்கள் கடமை. அதில் எனக்கு வழக்கில்லை. அறுத்த மரத்தில் ஒரு துண்டு கேட்டேன். ஏலத்துக்குப் போகும் மரம், தர முடியாது என்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். அடிக்கட்டைகளையும் பொக்லைன் பெயர்த்தெடுத்துவிட்டது.

எங்கள் வீட்டுச் சுவர்களில் விழுந்த விரிசல்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். கொடுத்த மூன்று மனுக்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: சரிவு நகர்வதற்கு ஆதாரம் இல்லை. ஐயா, ஆதாரம் அந்த லாரியில் போய்விட்டது.

லாரி கிளம்பும் முன் ஒரு மரத்தின் அறுத்த முகத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டிய மையம் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி, பட்டையிலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்தது. பள்ளத்துப் பக்கமோ வளையங்கள் அகன்று, செம்பழுப்பாக இறுகிக் கிடந்தன. பட்டையிலிருந்து உள்நோக்கிப் பதினொன்று எண்ணியிருப்பேன், தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மண் மெல்ல நகர்ந்தால் மரம் சாயும். சாய்ந்த பைன் நிமிர்வதற்காகச் சாய்ந்த பக்கத்தில் கட்டையைத் தடிக்க வைத்துத் தனக்குத்தானே முட்டுக் கொடுக்கிறது. அகன்ற இலை மரங்களில் பெரும்பாலும் இது மேட்டுப் பக்கத்தில் நடக்கும். வழக்கமாக ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். எந்த வளையத்திலிருந்து ஒரு பக்கம் தடிக்கிறதோ, அதை வைத்து மரம் எந்த ஆண்டு சாயத் தொடங்கியது என்று கணிக்கலாம். பின்லாந்து அறிஞர் அலெஸ்டலோ 1971-லேயே இந்த ஆய்வுமுறைக்கு வழிகாட்டி எழுதிவிட்டார்.

எங்கள் மலைக்கு இரண்டு பருவமழை. ஒரே ஆண்டில் இரண்டு வளையம் விழவும் கூடும். காற்றும் மரத்தைச் சாய்க்கும். ஆகவே ஒரு மரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அசையாத நிலத்தில் நிற்கும் நேர்மரங்களோடு ஒப்பிட வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: வெட்டும் ஒவ்வொரு சாய்ந்த மரத்திலும் குறுக்கே அறுத்த ஒரு வட்ட வில்லையை எடுத்து வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் கனம் போதும். எந்த இடம், எது பள்ளத்துப் பக்கம் என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். நிற்கும் மரமென்றால் துளைகருவியால் பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்றை எடுத்தாலே போதும், வெட்ட வேண்டியதில்லை.

2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 1993-இல் குன்னூர் அருகே மரப்பாலத்தில் மண் சரிந்தது. ஒவ்வொரு முறையும் மண் விழுந்த பிறகு கூட்டம் நடத்துகிறீர்கள், இழப்பீடு அறிவிக்கிறீர்கள். சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டிச் சாலை போடுவதும், ஓடையை மூடிக் கட்டடம் எழுப்புவதும் மறுமாதமே தொடர்கின்றன. அவற்றுக்கு அனுமதி தரும்போது யாரிடமும் நீங்கள் ஆதாரம் கேட்டதாகத் தெரியவில்லை. விரிசல் விட்ட வீட்டில் படுத்துறங்குகிறவனிடம் மட்டும் கேட்கிறீர்கள்.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குக் கீழே இன்னும் மூன்று பைன் மரங்கள் எண் போட்டு நிற்கின்றன. மூன்றும் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்தவை. அவற்றை அறுக்கும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வில்லைகளை எடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் வேலையை நானும் என் மாணவர்களும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அந்தச் சரிவில் குடியிருக்கும் புவியியல் ஆசிரியர்